வாசல் சோதனை

வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தடவிப் பார்ப்பதில்லை என்பது அந்தத் தையல் ஆலை வாசலில் எழுதாத சட்டம். வேலை முடிந்து போகிற பெண்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, தோளிலிருந்து இடுப்புவரை கையால் தடவி அனுப்புவது காவல்காரியின் வேலை. ஆலையிலிருந்து திருடி இடுப்பில் செருகிய நூல்கண்டோ ஜிப்போ எதுவும் அவள் கைக்குத் தப்பாது. ஆனால் வயிறு மேடிட்டவள் வந்தால் மட்டும், “நீ போம்மா” என்று வழிவிடுவாள்.

அந்தக் கைக்குத்தான், அவளே வயிற்றுப்பிள்ளைக்காரியான மூன்றாம் மாதத்தில் ஒருநாள், குளிக்கும்போது, தன் இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியில்லை, அமுக்கினால் நகரவும் இல்லை. பால் ஊறப்போகிற மார்பு அப்படித்தான் இருக்கும் என்றாள் மாமியார். அந்தப் பேச்சு அவளுக்கு வசதியாக இருந்தது. ஊரார் மடியையெல்லாம் சோதித்தவள், தன்னை மட்டும் “நீ போம்மா” என்று அனுப்பிவிட்டாள்.

கட்டி பெரிதான பிறகு, ஐந்தாம் மாதத்தில், ஆஸ்பத்திரியில் அதிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள்.

“புற்றுநோய்தாம்மா,” என்றார் டாக்டரம்மா, சுற்றி வளைக்காமல்.

பஸ் மெக்கானிக்கான கணவன் நகக்கண்ணில் கறுத்திருந்த கிரீஸையே பார்த்துக்கொண்டு கேட்டான். “குழந்தையாலயா டாக்டர்?”

“அப்படிச் சொல்ல முடியாது. மாசமா இருக்கறப்ப மார்பு தானா கெட்டியாகும், கட்டி அதுக்குள்ள மறைஞ்சுக்கும். அதான் லேட்டாத் தெரியுது. இன்னொண்ணு, குழந்தை பாதி உங்களோடது. அதை வேத்தாள்னு அடிச்சு விரட்டாம இருக்க, இவங்க உடம்போட எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அது கட்டிக்கும் சாதகமாப் போகுதான்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது.”

“அப்ப... குழந்தைய எடுத்துட்டா?”

“எடுத்தா நோய் குணமாயிடும்னு ஆதாரம் இல்ல. ஆபரேஷன் இப்பவே பண்ணலாம், சில மருந்தும் இப்பவே கொடுக்கலாம். கதிர்வீச்சு வைத்தியம் மட்டும் பிரசவத்துக்கப்புறம். ஆனா இனி தள்ளிப்போடாதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க.”

தனக்குள்ளும் ஒரு காவல்காரி நிற்கிறாள், தன்னைப் போலவே ஏமாளி என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகு பயம் வந்தது. பிள்ளைமேல் கோபம் வந்தது. அப்படிக் கோபப்பட்டதற்காக அழுகை வந்தது.

பஸ் நிறுத்தத்தில் கணவன் மெதுவாகச் சொன்னான். “எனக்கு நீ இருந்தா போதும்.”

“ரெண்டு பேரும் வேணும்னு கேக்க உனக்கு வாய் வராதா?”

அவள் ஆலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். வீட்டில் மாமியார் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

சங்கு ஊதியதும் வரிசை நகர்ந்தது. கைகள் பழக்கத்தில் வேலை செய்தன. காலர் தைக்கும் பெண் நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு, சோதனைக்கு நிற்காமல், சிரித்தபடி வரிசையைத் தாண்டி வந்தாள்.

“நில்லு.”

“அக்கா, நான் மாசமா இருக்கேன்ல?”

“தெரியும். உள்ள வா.”

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. பஸ் போய்விடும் என்று யாரோ ஒருத்தி கத்தினாள். காவல்காரி திரையை இழுத்து மூடினாள்.

“நான் எதையும் எடுக்கலக்கா, சத்தியமா.”

“அதுக்கில்லடி. மார்புல எங்கயாச்சும் கட்டி தட்டுப்படுதான்னு நீயா எப்பவாவது தடவிப் பாத்திருக்கியா?”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு காவல்காரியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது, கை தானாக முந்தானைக்குள் போனது.