சத்தம் அடங்கிய வண்டி

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் ராஜாமணியின் வாடகைக் கார் டிராக்டர் போல உறுமத் தொடங்கியது. மண்ணூர் முனையில் திரும்பும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும்.

மெக்கானிக் ரத்தினம் புகைக்குழாயின் வாயில் ஈரச் சாக்கை அடைத்தான். இன்ஜினை ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் காதைக் கொடுத்தான். முன்சீட்டுக்கு நேர் கீழே உஸ்ஸென்று வந்தது. குழாய் வெடித்திருந்தது. அதற்கு மேலே தரைத் தகடும் துருப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு உதிர்ந்துபோயிருந்தது. ஓட்டையை ராஜாமணி உள்ளேயிருந்து கோணி போட்டு மூடியிருந்தான்.

"புதுக் குழாய் போடணும். மெட்ராஸ்லதான் கெடைக்கும். திங்கக்கிழம ஆவும்."

"இன்னாண்ணா, நாளிக்கி உம் பொண்ணத்தானே இட்டாரணும்? அதுவரிக்கும் ஒரு கட்டு போடு."

ரத்தினத்தின் மகள் லீலா தலைப்பிரசவம் முடிந்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆண் குழந்தை. பிறந்து ஐந்து நாள்.

ரத்தினம் பால் பவுடர் டப்பாவை வெட்டி வெடிப்பின்மேல் சுற்றினான். கல்நார்க் கயிற்றைக் கட்டிக் கம்பியால் முறுக்கினான். குழாயின் மேல்பக்கம் கை எட்டாத இடம். அங்கே குத்துமதிப்பாக இறுக்கினான். சத்தம் அடங்கியது. அந்த ரோட்டில் சத்தம் அடங்கினால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

"புதுப் பொண்ணு மாரி வாயத் தொறக்காம கீது பாரு," என்றான் ராஜாமணி.

"கண்ணாடிய மட்டும் எறக்கி வுட்டு ஓட்டு."

மறுநாள் காலையிலிருந்தே தூறல். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய லீலாவின் காதில் பஞ்சு, தலையைச் சுற்றித் துண்டு, கையில் துணி சுற்றிய குழந்தை. ரத்தினத்தின் மனைவி சரோஜா பின்சீட்டில் ஏறியதும் கண்ணாடிகளை ஏற்றி, இடுக்குகளில் பழந்துணியைச் செருகினாள்.

"எறக்கு," என்றான் முன்சீட்டிலிருந்து ரத்தினம். "பொக வந்தாலும் வரும்."

"பச்ச ஒடம்புக்காரி. காத்து பட்டா ஜன்னி வரும். நீ பெத்தியா, நான் பெத்தேனா? சத்தமே இல்லன்னு நீதானே சொன்ன?"

அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தான். அதோடு விட்டுவிட்டான். இருபத்தைந்து மைல். தன் கைக்கட்டு தாங்கும் என்று நம்பினான்.

சுங்குவார்சத்திரம் தாண்டும்போது லீலா தலைவலி என்றாள். தூக்கம் கெட்டதால் என்றாள் சரோஜா. ரத்தினத்துக்கும் நெற்றி கனத்தது. பசி என்று நினைத்துக்கொண்டான். புகை வாடை தெரியவில்லை. அவன் சட்டையில் எப்போதும் இருப்பது அந்த வாடைதான்.

வீட்டில் குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார்கள்.

"எப்பிடிச் செவந்துபோய்த் தூங்குது பாரு," என்றாள் சரோஜா.

குழந்தை பாலுக்கு வாய் திறக்கவில்லை. கண்ணும் திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டு வந்தார்கள்.

காற்று பட்டுவிட்டது என்றது ஊர். எந்த வழியாக என்று சரோஜாவுக்குத் தெரியும். "ரெண்டு வெரலு தொறந்து வச்சியே," என்றாள். அதன் பிறகு அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் லீலா அவனைக் கூப்பிட்டாள்.

"அம்மா உன்னியச் சொல்லுது. நீ இல்லப்பா. மூச்சு முட்டுமேன்னு கொயந்த மூஞ்சிமேல இருந்த துணிய நான்தான் எடுத்தேன். காத்து அப்பத்தான் பட்டுச்சி."

ரத்தினம் எழுந்து ராஜாமணியின் வீட்டுக்குப் போனான். காருக்கு அடியில் படுத்துக் குழாயின் மேல்பக்கத்தை விரலால் தடவினான். அவன் சுற்றிய டப்பாத் தகடு அங்கே தூக்கிக்கொண்டிருந்தது. கோணியை உருவினான். அடிப்பக்கம் முழுக்கக் கரி.

"கொயந்தய கொன்னது இந்தப் பொகதான் ராஜாமணி."

"நானும் அதே வண்டியிலதானே வந்தேன்? எனக்கு இன்னா ஆச்சி? துக்கத்துல எதுனா பேசாதண்ணா. மூணு வாயி சாப்புடுது இந்த வண்டியால."

ரத்தினம் கோணியோடு வீட்டுக்கு வந்தான். லீலாவின் முன்னால் விரித்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். வெடிப்பு, ஓட்டை, கை எட்டாத இடம், கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டு அடங்கிப்போனது.

"கோணின்னா அழுக்காத்தான் இருக்கும்," என்றாள் சரோஜா அடுப்படியிலிருந்து.

லீலா கோணியைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி சத்தமே போடலியேப்பா. எனக்காவ நீ பழி ஏத்துக்காத."

அவன் கையைப் பிடித்து, விரல் விரலாகக் கரியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.