அத்தாவும் மகளும் பூங்காவுக்குப் போனார்கள்

...தொப்பியைக் கழற்ற விடாதே, வாயில் மண்ணைப் போட்டுக்கொள்வாள் பார்த்துக்கொள், பசித்தால் பையில் வாழைப்பழம், அழுதால்... அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று பெர்மெத் சொல்லவேயில்லை. தையல் பட்டறைக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பை மாட்டிக்கொண்டே படியிறங்கி ஓடிவிட்டாள் மனைவி. வழக்கமாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தியாளுக்குக் காய்ச்சல், ஆகவே இன்றைக்கு எர்மெக்தான் எல்லாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு பிஷ்கெக்கின் பாதி நடைபாதைகளைக் கடந்தாகிவிட்டது, சாய்கல் ஒருமுறைகூடத் திரும்பி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ ஒரு ஆள் தள்ளுகிறான், தள்ளட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள், இருபது மாதத்து மகாராணி. சுரங்கப் பாதைப் படிகளில் வண்டியோடு திணறி நின்றபோது கல்லூரிப் பெண்கள் இருவர் கேட்காமலேயே முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டார்கள், அவன் நன்றி சொல்வதற்குள் போயும்விட்டார்கள். ரஷ்யாவில், நோவசிபிர்ஸ்க்கில், இரண்டு வருஷம் சுவர் பூசினானே, சிமென்ட் மூட்டையைத் தூக்க ஒருவன் கை கொடுத்ததுண்டா... இருக்கும், கொடுத்திருப்பார்கள், நினைவில்தான் இல்லை. ஊர் திரும்பிப் பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளும் அவன் எடுத்தால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிடுகிறாள். பழகிடும், பழகிடும் என்கிறாள் பெர்மெத், ஆனால் சொல்லும்போது அவன் கண்ணைப் பார்ப்பதில்லை.

ஓக் மரப் பூங்காவில் வெயில் மஞ்சள் இலைகளின்மேல் கிடந்தது, சனிக்கிழமை என்பதால் ஊரிலுள்ள நடைபழகும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். ஊஞ்சலில் உட்கார்த்தியதும் சாய்கல் சிரித்தாள், ஆம், சிரித்தாள், காற்றைப் பார்த்துத்தான் என்றாலும் சிரித்தாள், இந்த முன்பற்கள் நான்கும் எப்போது முளைத்தன, எது முதலில் வந்தது, எந்த வாரம் காய்ச்சலடித்தது... பின்னால் இரண்டு பிள்ளைகள் காத்து நின்றன. போதும் கண்ணு, இறங்கு என்று தூக்கினான், அவ்வளவுதான். அம்மா என்று அவள் போட்ட கூச்சலில் புறாக்கள் எழுந்தன, நாலா பக்கமும் தலைகள் திரும்பின. காலால் அவன் வயிற்றில் உதைத்தாள், தொப்பி விழுந்தது, அதைக் குனிந்து எடுக்கப்போனவன் முன்னால் ஒரு ஜோடிப் பூட்ஸ் வந்து நின்றது. நிமிர்ந்தான். ஒரு பக்கம் இடுப்பில் பையனோடு, பச்சைத் தலைத்துண்டு கட்டிய பெண்.

"யாருய்யா நீ? இந்தப் புள்ள உன்னுதா?"

"என் மகதான் எஜே" என்றான், அக்கா முறை வைத்து.

"அப்ப ஏன் உன்னக் கண்டு இந்த அலறு அலறுது? எங்க, அவ அம்மாவுக்குப் போனப் போடு."

போட்டான். எடுக்கவில்லை, பட்டறையில் செல்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னான், சொல்லும்போதே அது பொய் மாதிரி ஒலித்தது. இன்னும் இரண்டு தாய்மார்கள் நெருங்கி வந்தார்கள். படங்கள் இருக்கின்றன, நானூறு படங்கள், இதோ பாருங்கள்... சாய்கல் தொட்டியில், சாய்கல் பெர்மெத்தின் மடியில், சாய்கல் முதல் அடி வைக்கிறாள். "எல்லாம் சரி, இதுல நீ எங்க?" என்றாள் அந்தப் பெண். அவன் விரலால் தள்ளித் தள்ளிப் போனான், எங்கேயும் அவன் இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அங்கே மூன்றாம் மாடியில் பூச்சுக் கரண்டியோடு தொங்கிக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் என் பிள்ளை அழுதால் யாராவது ஒருத்தி இப்படித்தானே வந்து நின்றிருப்பாள், பூட்ஸ் காலை ஊன்றிக்கொண்டு, யாருடா நீ என்று கேட்டுக்கொண்டு... "எஜே, உங்க நம்பரக் குடுங்க. புள்ளைய நீங்களே வச்சுக்கிங்க. நான் அந்த மரத்துக்குப் பின்னால போறேன், ஓடிட மாட்டேன்."

முதுகு மரப்பட்டையில் உரச, காணொளி அழைப்பைப் போட்டான். திரையில் முதலில் பச்சைத் துண்டு, பிறகு வானம், பிறகு கண்ணீரும் சளியுமாய் அந்த முகம். "சாய்கல்... என் குட்டிக் குதிர..." தினமும் சாயங்காலம் தொழிலாளர் குடிலின் கட்டிலில் இருந்து அழைத்த அதே குரலில் அழைத்தான். அழுகை நின்றது. கண்கள் விரிந்தன. "அத்தா!" என்றாள். திரை முழுக்க வாய் வந்து ஒட்டியது, முத்தம், ஈரம், அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கும் சத்தம். "அத்தா! அத்தா!"

"அட, நீயும் போன் அத்தாதானா?" பச்சைத் துண்டுக்காரியின் குரல் தழதழத்துவிட்டது. "எங்க வீட்லயும் ஒருத்தர் இர்குத்ஸ்க்ல இருக்காரு. இந்தப் பய ராத்திரி அவரு மேல போர்வையப் போத்திட்டுத் தூங்குறான், போன் மேல. வாய்யா வெளிய, மரத்தையே கட்டிக்கிட்டு நிக்காத."

புருல் என்று பேர் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டிருந்தால்தான் அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்கும், பதிலாகத் தன் பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தாள், அவனுக்கும் ஒரு துண்டு. "தூக்காத. பக்கத்துல சும்மா உக்காரு. அதுவா வரும்" என்றாள். அழுதால் என்ன செய்வது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அவன் இலைகளின்மேல் சும்மா உட்கார்ந்தான், இத்தனை வருஷத்தில் சும்மா உட்கார்ந்ததே இல்லை போலிருந்தது, வெயில் பிடரியில் இதமாய் ஏறியது, யாருக்கென்று தெரியாமல் மனசுக்குள் நன்றி நன்றி என்று ஏதோ ஓடிக்கொண்டேயிருந்தது. சாய்கல் புருலின் செல்பேசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தள்ளாடி வந்தாள். அழைப்பு முடிந்து திரை கறுத்திருந்தது. தட்டிப் பார்த்தாள், காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு உதட்டில் விரலை வைத்து, "அத்தா தாச்சி" என்று அவனிடம் ரகசியம் சொன்னாள், செல்பேசியை மெல்ல இலைகளின்மேல் படுக்கவைத்தாள், ரொட்டி மணக்கும் கையால் அவன் முழங்காலைப் பற்றி, ஏறி, அவன் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். என்ன கனம் இந்தப் பிள்ளை. அவன் அசையாமல் இருந்தான், மூச்சைக்கூட அளந்து விட்டான். அத்தா அங்கே தூங்குகிறார் என்றால்... இவள் இப்போது யார்மேல் சாய்ந்திருக்கிறாள்?