டாலிவர் கோழிக்கடைச் சுவர்ல இல்லாத பேரு

தூ! அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் காறித் துப்பணும்போல இருக்கு.

கடைக்கு அறுபது வருஷம் ஆயிடுச்சாம். என் தம்பி டோர்ஸி ஆள் வெச்சு, வாசல்லேர்ந்து கல்லா வரைக்கும் எங்க குடும்ப வரலாறை கலர் கலரா எழுதி வெச்சிருக்கான். இந்த நாஷ்வில் ஊர்ல எங்க கோழியைத் தின்னுட்டுக் கண்ணைக் கசக்காதவன் கிடையாது. அதனால கதையும் காரமா இருக்கணுமாம். 'உன் சமையலால என்னை அழ வைக்க முடியுமா?'ன்னு எங்கப்பா அம்மாகிட்ட பந்தயம் கட்டினாராம். அம்மா மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிப் பொரிச்சாளாம். அவர் அழுதுகிட்டே இன்னொரு துண்டு கேட்டாராம். அடப் பாவி! எங்கப்பாவுக்குக் குடல்புண்ணு. மோரையும் மசிச்ச உருளைக்கிழங்கையும் தவிர எதுவும் அவர் வயித்துல தங்கினதில்ல.

எங்கம்மா பொரிச்சது உப்பும் மாவும் போட்ட சவசவ கோழி. பாதி தட்டுல திரும்பி வரும். தட்டு கழுவ வந்தவங்கதான் ஓப்பலம்மா, ஓப்பல் கேடி. ஒரு நாள் அவங்க ஒரு கிண்ணத்துல மிளகாய்த்தூளைப் போட்டு, கோழி வெந்துகிட்டிருந்த பன்றிக்கொழுப்பையே ஒரு கரண்டி மொண்டு அது மேல ஊத்தினாங்க. சொர்ர்ருன்னு பொங்கிச்சு. அந்த விழுதைத் துண்டு மேல பூசி, வெள்ளை ரொட்டியில வெச்சு, மேல ஊறுகாய் வெள்ளரியைக் குத்திக் கொடுத்தாங்க. அந்த வாரமே தெருமுனை வரைக்கும் வரிசை. இருபத்திரண்டு வருஷம் அந்த அம்மா விரலெல்லாம் எரிய எரிய உள்ளே பூசினாங்க. எங்கம்மா வெளியே நின்னு பாராட்டை வாங்கிக்கிட்டா. நாங்க அதுல வளர்ந்தோம்.

போன சனிக்கிழமை காலையில ஓப்பலம்மா மக பெர்னிட்டா வந்தா. மறுநாள் டிவிக்காரங்க வர்றதா இருந்துச்சு. கோழி கேட்டு வாங்கினா, தொடவே இல்ல. சுவரை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சா.

"டோர்ஸி, எனக்குக் காசு பணம் வேணாம்ப்பா. எங்கம்மா பேரை அதுல ஒரு வரி எழுது, போதும்."

"எதுக்கு? உங்கம்மா இங்க தட்டு கழுவினாங்க."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத. இந்தத் தெருவுல கெழடு கட்டைங்களைக் கேளு."

"நான் ஏன் கேக்கணும்? உங்கம்மா சாவுக்கு அச்சடிச்சுக் கொடுத்த தாளை எடுத்துப் பாரு. 'டாலிவர் கடையில் பாத்திரம் கழுவினார்'னுதான் இருக்கு. நாங்களா எழுதினோம்? உங்க வீட்டுல எழுதினது!" பெரிய வக்கீலாட்டம் மேசையைத் தட்டினான்.

எங்க ஆளுங்க சாவுல அந்தத் தாள்தான் எல்லாம். செத்தவங்க எங்க பொறந்தாங்க, என்ன செஞ்சாங்கன்னு அச்சடிச்சு சர்ச்சுல எல்லார் கையிலயும் கொடுப்போம், எழுந்து நின்னு வாசிப்பாங்க. அதுல இல்லாத ஒண்ணு அவங்க வாழ்க்கையிலயே நடக்கல.

பெர்னிட்டாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. "அதை எழுதினது எங்கண்ணன் க்ளைட். மிளகாய் விழுது அம்மாவோடதுன்னு எழுதினேன்னு பைபிள் மேல அடிச்சு சத்தியம் பண்ணான். அச்சுல இல்லையே! உங்ககிட்ட காசு வாங்கிக்கிட்டு வாயை வித்துட்டான்னு நெனச்சேன். முப்பத்தோரு வருஷமா அவன்கூடப் பேசல. ரெண்டு வருஷம் முன்னாடி செத்தான், அதுக்கும் போகல."

டோர்ஸி என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீதான் அம்மாகூடவே அடுப்படியில கெடந்தவ. சொல்லு, விழுது யாரோடது?"

அறுபத்தோரு வயசாச்சு, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கருமத்தை முழுங்கிக்கிட்டு இருக்கிறது?

"ஓப்பலம்மாவோடது. க்ளைட் எழுதித்தான் இருந்தான், பெர்னிட்டா. அச்சுக்கூலி எங்கம்மா கொடுக்கிறேன்னதால தாளை என் கையில கொடுத்தான். அம்மா அந்த ஒரு வரியை விட்டுட்டு வேற தாள்ல எழுதச் சொன்னா. எழுதினது நான். அச்சாபீசுக்குக் கொண்டு போனதும் நான்."

பெர்னிட்டா அந்தக் கோழித் தட்டைத் தள்ளி வெச்சா.

டோர்ஸி முந்திக்கிட்டான். "சரி விடுங்க, பேரை எழுதிடலாம். அண்ணன் தங்கச்சி பிரிஞ்சது, அது இதுன்னு... இது இன்னும் நல்ல கதை. நாளைக்கு டிவியில நீயே சொல்லேன், பெர்னிட்டா."

சீ, என் கூடப் பொறந்ததா இது! அடுப்புல கொதிச்ச எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி அவன் தலையில கவுக்கலாமான்னு இருந்துச்சு. ஆனா எந்த மூஞ்சியோட அவனைக் கேப்பேன்?

பெர்னிட்டா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கல. மெதுவா என்னைக் கேட்டா.

"க்ளைட் உன்கிட்ட வந்து கேட்டானா வெர்லின்?"

"கேட்டான்."

"எப்போ?"

"புதைச்ச மறுநாள். பின்கட்டுல வந்து நின்னான். 'நான் எழுதிக் கொடுத்த தாளைக் கொடு வெர்லின், என் தங்கச்சி என்னை நம்ப மாட்டேங்கிறா'ன்னு அழுதான்."

"நீ என்ன சொன்ன?"

"அந்தத் தாளை அதுக்கு முன்னாடியே அடுப்புல போட்டிருந்தேன். 'நீ எழுதவே இல்லையே க்ளைட், மறந்துட்டியா?'ன்னு கேட்டேன்."