காத்திருந்த பிள்ளை

செவ்தா தன் இரண்டாவது பிள்ளையை இரண்டு குளிர்காலமும் நடுவில் ஒரு கோடையும் வயிற்றில் சுமந்தாள். ரொடோப்பி மலையில் எங்கள் ஊரில் அந்த வருஷம் உருளைக்கிழங்கு சுமாராக விளைந்தது, தேனீக்கள் பாதி செத்துப்போயின. அவளுடைய மூத்தது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பனியில் சிக்கிய காருக்குள்ளேயே பிறந்து அங்கேயே மூச்சடங்கியிருந்தது. அதனால் இம்முறை மாதம் நிறைந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பமாட்டேன் என்றாள். புருஷன் ஹைரி தூக்கிக் காரில் வைத்தான். கணவாய் வளைவில் வலி நின்றுவிட்டது. வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் மறுபடி பிடித்துக்கொண்டது. இப்படியே பல தடவை. ஒருமுறை எப்படியோ கொண்டுசேர்த்து அறுவை மேசையில் படுக்கவைத்தபோது வயிறு வற்றித் தட்டையாகிவிட்டது, எழுந்து உட்கார்ந்ததும் பழையபடி உப்பியது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

மூன்று வீடு தள்ளி இருந்தவள் மருத்துவச்சி ராதோஸ்தா. ஊர்ப் பிரசவ வார்டை மூடியதிலிருந்து தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் இல்லாமல் மருத்துவச்சி பார்க்கும் பிரசவத்துக்குக் காப்பீடு இல்லை. மீறிப் பார்த்தால் உரிமம் போய்விடும்.

"நீ வந்து பிள்ளையப் பிடி, அக்கா," என்றாள் செவ்தா. "இது உனக்காகத்தான் உள்ளயே உக்காந்திருக்கு."

"பிடிச்சா என் வாயில மண்ணுடி. என் ரெண்டு பொண்ணுங்களுக்கு நீயா சோறு போடுவ?"

அப்படிச் சொன்னாலும் ராதோஸ்தாவுக்குத் தூக்கம் போயிற்று. பஸ் பிடித்து நகரத்துக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"டாக்டர் பக்கத்துல நின்னா நாங்க குடுப்போம்மா," என்றார் அதிகாரி.

"எங்க ஊர்ல டாக்டரே இல்லையே, சார்."

"அப்ப அங்க பிரசவமும் இல்லைன்னுதான் அர்த்தம்."

இரண்டாவது குளிர்காலத்தில் செவ்தாவின் பற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பிள்ளையின் இதயத் துடிப்பில் அக்கம்பக்கத்து அலமாரிகளில் கண்ணாடிக் குவளைகள் கிணுகிணுத்தன. ஜனங்கள் அவற்றைத் துணியில் சுற்றிவைத்தார்கள். ஒரு மத்தியானம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துவந்து ராதோஸ்தாவின் சமையலறையில் சரிந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"சாகறதா இருந்தா இங்கயே சாகறேன்கா."

ராதோஸ்தா அடுப்பில் இருந்த பீன்ஸ் சட்டியை இறக்கிவிட்டு வெந்நீர் வைத்தாள்.

"பாழாப்போன உரிமம். காலை அகட்டுடி."

பிள்ளை தோள்வரை முடியோடும் முழுப் பல்வரிசையோடும் வந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "குளிருது" என்றான். அதற்கப்புறம்தான் அழுதான். செவ்தா பிழைத்துக்கொண்டாள்.

பனி உருகுமுன் ராதோஸ்தாவின் உரிமம் பறிபோயிற்று. அவள் தன் இரண்டு பெண்களையும் தங்கையிடம் விட்டுவிட்டு இத்தாலிக்குப் போய், அங்கே கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது ஊரில் நான்கு பெண்களின் வயிற்றில் பிள்ளைகள் காத்திருக்கின்றன. அவர்களில் ஐசெலுக்கு இது மூன்றாவது வருஷம். தையல்காரி எல்லாருடைய பாவாடைக்கும் இரண்டு முழம் கூடுதலாகத் துணி விட்டே வெட்டுகிறாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.