கருமதியனின் கடைசிச் சொல்

ஆடிக் காற்று கரிசலின் மேல் எழுந்து அலைந்தது. மழையைச் சுமக்காத மேகங்கள் ஊரை ஒருமுறை நிழலால் தொட்டுவிட்டுத் திருச்சுழிப் பக்கமாய்க் கடந்து போயின. வெடித்த நிலம் வாய் திறந்து கிடந்தது. சீமைக்கருவேல மரங்கள்கூட நெடிய விரதம் பூண்டவை போல் தலை கவிழ்ந்து நின்றன.

அருப்புக்கோட்டையில் அன்று மின்தடை நாள். தெருவை ஓயாது அதிரவைக்கும் விசைத்தறிகள் அடங்கியிருந்தன. சென்னகேசவனுக்கு அதுவே வேலை நாள். மனைவி மறைந்தபின் தனித்து வாழும் அவர், கைப்பேசி விளையாட்டொன்றில் வரும் கருமதியன் என்னும் அசுரனுக்குத் தமிழ்க்குரல் தருபவர். அசுரப் படைக்குச் சூழ்ச்சி வகுத்துத் தரும் மந்திரி அவன். அதே கதை இப்போது அனிமே என்னும் சித்திரத் தொடராகிறது. அவன் மாளும் காட்சியை மாலைக்குள் அனுப்பாவிட்டால் வேறொருவரைப் பேச வைத்துவிடுவதாக ஸ்டுடியோவில் சொல்லிவிட்டார்கள். அந்தக் குரலும் போனால் அவ்வீட்டில் பேச்சென்பதே இல்லை.

தறி ஓடினால் யார் பேசுவதும் கேளாது. தறி நின்றாலோ, "அண்ணாச்சி பதிவு பண்ணுதாக" என்று தெருவே ஒதுங்கிக்கொள்ளும். தொடக்கத்தில் அவரே கேட்டுக்கொண்ட உதவி அது. அதன்பின் எவரும் அவர் கதவைத் தட்டியதில்லை.

மெத்தைகளைச் சன்னலில் சாத்திவிட்டு, பேட்டரியில் ஓடும் மைக்கின்முன் அமர்ந்தார். தேவியின் சூலம் மார்பில் பாய்ந்திருக்க, நம்பிய அரசனும் கைவிட்டு ஓடிவிட, வெற்றுப் பாசறையில் கருமதியன் கேட்கிறான்:

"எல்லார்க்கும் வழி வகுத்தேன். என்னோடு வர ஒருவருமில்லையா?"

"அடப் பாவிகளா! விட்டுட்டு ஓடிட்டானுகளா?" என்றது வெளியே ஒரு குரல்.

பதிவு பாழ். கதவைத் திறந்தார். எதிர்த் தறிக்கூடத்தில் நூல் சுற்றும் ஆவுடைத்தாய், முந்தானையால் வாயைப் பொத்தியபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி. வாயி சும்மா இருக்க மாட்டேங்கு."

"எம்புட்டு நாளா இங்க உக்காருத?"

"கரண்டு போற அன்னைக்கெல்லாந்தான். வெளங்காத பய, ஆனா அவன் பேச்சக் கேக்காம இருக்க முடியல. உள்ள வரத்தான் பயம். அசுரன் இருக்க வீடுல்ல!"

சென்னகேசவன் சிரித்துவிட்டார். தம் சிரிப்பே அவருக்கு அயலார் சிரிப்பாய் ஒலித்தது.

"உள்ள வா. ஆனா மூச்சு விடப்படாது."

"அப்பொறம் ரெண்டு சாவுல்ல விழும் அண்ணாச்சி!"

அவள் எதிரே அமர்ந்தாள். அவர் மீண்டும் பேசினார். முன்பு சுவரில் மோதி விழுந்த கேள்வி, இம்முறை தணிந்து, ஒரு முகத்தை நாடிச் சென்றது. அவள் கண்கள் நிறைந்தன, ஓசை எழவில்லை.

அனுப்பிய சற்று நேரத்தில் ஸ்டுடியோவிலிருந்து பதில் வந்தது: 'இந்தக் குரலேதான் வேண்டும்.'

அவர் நெசவாளர் கும்பிடும் சௌடேஸ்வரி அம்மன் படத்தின்முன் விளக்கேற்றினார். அம்மன் கையால் மாண்டவனுக்காக, அவள் திருவடியில் ஓர் அரளிப்பூவை வைத்துக் கைகூப்பினார். அப்போது மின்சாரம் வந்தது. தெரு முழுதும் தறிகள் முழங்கின.

ஆவுடைத்தாய் அந்த இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினாள்:

"அந்தப் பாவியும் கரையேறட்டும்! நீங்களும் நல்லாருங்க அண்ணாச்சி!"