பேனாக்காரி

மச்சான் பேப்பரின் நடுப்பக்கத்தை உருவி வாசலில் விரிக்கப் போனபோது அவன் போய் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"செருப்பு விட இடம் வேணும் மாப்ளே. ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு."

"பழசு பரண்ல கெடக்கு. இது இன்னைக்குப் பேப்பர்."

மச்சான் அவன் முகத்தைப் பார்த்தான். பெண்டாட்டி போன காலையில் ஒருத்தன் பேப்பருக்கு மல்லுக்கு நிற்கிறானே என்று நினைத்திருக்கலாம். கையை விட்டான். மின்சார வேலை செய்கிறவன். எந்தக் கம்பியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

அவள் முன்னறையில் படுத்திருந்தாள். ரத்தத்தில் வந்த நோய். இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். காலையில் பேப்பர் கதவில் வந்து மோதும் சத்தம் கேட்டபோது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு வலியிலும் அந்தச் சத்தத்துக்கு அவள் கண்ணைத் திறந்துவிடுவாள். இன்று திறக்கவில்லை. அவனுக்கு விஷயம் அப்போதே தெரிந்துவிட்டது. டாக்டர் வந்து சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டான்.

கல்யாணமான மறுநாளே அவள் சட்டம் போட்டுவிட்டாள். காலையில் முதல் வேலை, மூன்றாம் பக்கத்துப் பொன்மொழியை அவன் உரக்கப் படிக்க வேண்டும். அவள் தீர்ப்புச் சொல்வாள். பாஸ், இல்லையென்றால் ஃபெயில். மேல்முறையீடு கிடையாது. அதற்கப்புறம்தான் டீ.

"புன்னகையே செலவில்லாத வைத்தியம்" என்று அவன் ஒருநாள் படித்தான்.

"பல் டாக்டர்கிட்ட கேட்டுப் பாரு. ஃபெயில்."

"காத்திருக்கத் தெரிந்தவனுக்கு எல்லாக் கதவும் திறக்கும்."

"இதை எழுதினவன் எந்த ஆபீஸ்லயும் போய் நின்னதில்ல. ஃபெயில்."

போன வருஷம் முழுவதற்கும் ஒன்றுதான் தேறியது. 'தெரியாததைத் தெரியாது என்று சொல்.' அவள் கொஞ்சம் யோசித்தாள். "சின்னதா இருக்கு. பாஸ்."

பொன்மொழி முடிந்ததும் குறுக்கெழுத்து. அது கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், மரண அறிவிப்புகளுக்குக் கீழே இருக்கும். அறிவிப்புகள் பின்னால் போகும்படி மடித்துக்கொண்டு கட்டத்தை மட்டும் மேலே வைத்துக்கொள்வாள். "செத்தவங்க பார்க்க, விடை போட முடியாது" என்பாள். பேனாவில்தான் எழுதுவாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் அளந்து பார்க்கிறவள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுத்துத் தெரிகிறது என்று பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுகிறவள். சந்தேகம் அவளுக்குப் பழக்கமில்லை. அவனோ நிலஅளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். எதையும் பென்சிலால் மெல்லக் கீறிப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவான். வீட்டில் அவன் பெயரே பென்சில்.

அவனால் தாங்கவே முடியாத ஒன்று இருந்தது. விடை தப்பாகி ஒரு கட்டம் மிஞ்சிவிட்டால் அவள் அதைப் பேனாவால் கறுப்படித்துவிடுவாள். இடம் போதவில்லை என்றால் பக்கத்துக் கறுப்புக் கட்டத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி எழுதுவாள்.

"இது அநியாயம்" என்பான் அவன். "ஊர் மேப்பை இப்படித் திருத்தினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"ஏய் பென்சில், விடை என்னோடது சரிதான். கட்டம் போட்டவர்தான் தப்பு." சொல்லிவிட்டு, பேப்பர் ஆபீசுக்குப் போன் போட்டு அந்தக் கட்டக்காரரோடு சண்டை பிடிப்பாள்.

நேற்று அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அவன் பொன்மொழியைப் படித்தான். அவள் போர்வைக்கு வெளியே கையை நீட்டிக் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் கவிழ்த்தாள்.

அவன் அப்போது சிரித்தான். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறான்.

மதியம் அத்தை அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அவளுடைய அம்மா. நோய் முற்றியதும் தன் தையல் கடையை மூடிவிட்டு வந்து கூடவே இருந்தவர். காலையிலிருந்து அழுது ஓய்ந்து, இப்போது அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"மாப்பிள்ளை, நாளைக்குப் பேப்பர்ல வரணும். சாயங்காலத்துக்குள்ள குடுத்தாத்தான் போடுவாங்களாம்."

"போன்ல குடுத்துடறேன் அத்தை."

"படத்தோட. படத்துக்கு மேல ரெண்டு வரி நல்லதா."

அவன் அக்குளில் இருந்த பேப்பரை மறுபக்கம் மாற்றிக்கொண்டான்.

"அவ அப்பாவுக்கு வெறும் பேரும் நேரமும்தான் போட்டோம். யாருக்கு என்ன தெரிஞ்சது அப்போ? மறுநாள் பார்த்தா பஸ் டைம் போட்ட மாதிரி இருந்துச்சு. சுத்தி எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வரி. அவர் மட்டும் கேக்க நாதியில்லாத மாதிரி. எம்பொண்ணுக்கு அப்படி வேணாம் மாப்பிள்ளை."

நாளைக்கு அவள் தலைக்கு மேலே யாரோ எழுதிய ஒரு வரி நிற்கும். அவள் பதில் சொல்ல முடியாத ஒரே நாளில், அதற்கு அவளே பொறுப்பு மாதிரி. அதை நினைத்தபோதுதான் காலையிலிருந்து முதல்முறையாக அவனுக்கு எங்கோ வலித்தது.

போனை மேடையில் வைத்து, அத்தைக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினான். அந்தப் பக்கம் ஒரு வயதான குரல். பெயர், வயது, எடுக்கும் நேரம் எல்லாம் வாங்கிக்கொண்டது. முகவரி சொன்னதும் நின்றது.

"சார், அந்த வீட்லேர்ந்து கண்ணாடிக் கடை அம்மா ஒருத்தங்க போன் பண்ணுவாங்களே..."

"அவங்கதான்."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நான்தான் சார் கட்டம் போடறவன். பொன்மொழியும் நான்தான், இந்த அறிவிப்பும் நான்தான். சின்ன பேப்பர், ஆள் கெடையாது."

"எங்க வீட்ல உங்களுக்குக் கட்டக்காரர்னு பேரு."

"எனக்கு அவங்க பேனாக்காரி. 'நான் பேனாவுல போடறவ, நீங்க தப்பு விட்டா என் பேப்பர் பாழாப்போகுது'ன்னு எடுத்த எடுப்புலயே ஏறினாங்க." குரல் கொஞ்சம் கனைத்துக்கொண்டது. "பாதி நாள் தப்பு அவங்களோடதுதான் சார். சொல்லிட்டா அப்புறம் கூப்பிட மாட்டாங்களோன்னு நான் வாயே திறக்கல."

அத்தை துணியைக் கையில் பிடித்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல வரி என்ன சார் போடட்டும்? வழக்கமா போடறது இருக்கு, படிக்கவா?"

"படிக்கச் சொல்லுங்க" என்றார் அத்தை.

கட்டக்காரர் படித்தார். அத்தைக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "என்ன சொல்றார்? நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை."

அவன் சொன்னான். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாததால் தினமும் காலையில் படிக்கிற அதே குரலில் சொன்னான். "மலர் உதிர்ந்தாலும் அதன் மணம் எங்கள் வீட்டில் என்றும் வீசும்."

சொல்லி முடித்து, பழக்கத்தில், நிறுத்தினான்.

முன்னறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அத்தை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். இத்தனை நாளாகக் காலையில் இந்தக் குரலையும், அதற்குப் பின்னால் வரும் இன்னொரு குரலையும் இங்கே நின்றபடியே கேட்டவர். பெரியவர்கள் சொன்னதற்கெல்லாம் மார்க் போடலாமா என்று மகளைத் திட்டியவர்.

"வேற?" என்றார்.

"நீ நடந்த வழி எங்களுக்கு விளக்கு."

அத்தை ஒரு கணம் யோசித்தார். "அவ எங்க நடந்தா? பக்கத்துக் கடைக்கும் ஆட்டோதானே." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னொண்ணு?"

"பிரிவு என்பது வெறும் தூரம்தான்."

அத்தை துணியை நான்காக மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"ஃபெயில்" என்றார்.

போனில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அத்தை சொன்னது கட்டக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மா சொல்றது சரிதான் சார்" என்றார் கட்டக்காரர். "அவங்க இதெல்லாத்தையும் ஏற்கனவே என்கிட்ட ஃபெயில் பண்ணினவங்கதான். அப்போ வரி வேணாம், எடுத்துடவா? பேரும் நேரமும் மட்டும்?"

அத்தையின் முகம் சுருங்கியது. அவன் அதைப் பார்த்தான். பிறகு போனருகே குனிந்தான். தயக்கம் எதுவும் இல்லை. தன் குரல் இவ்வளவு நேராக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

"எடுக்க வேணாம். ரெண்டு வரிக்கு உண்டான இடத்தை அப்படியே விடுங்க. உள்ள ஒண்ணும் எழுத வேணாம்."

"காலியாவா? அச்சுப் பிழைன்னு நினைப்பாங்க சார். முதலாளி என்னைக் கேப்பார்."

"கேட்டா, வீட்டுக்காரங்க சொன்னாங்கன்னு சொல்லுங்க. அவளுக்கு நிகரா ஒரு வரி கிடைக்கிற வரைக்கும் அது காலியா இருக்கட்டும்."

"இடம் இருக்கும்ல?" என்று கேட்டார் அத்தை. "மத்தவங்களுக்கு இருக்கிற மாதிரி?"

"இருக்கும்மா" என்றது போன். "கோடு கட்டி விடறேன். யாரும் உள்ள வர மாட்டாங்க."

அத்தை மேடையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தார்.

மறுநாள் காலை பேப்பர் கதவில் மோதியது. அவன் எடுத்து வந்து அவள் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். சுற்றிலும் பூ. மச்சான் வாசலில் விளக்கு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அறிவிப்புப் பக்கத்தை முதலில் அத்தையிடம் காட்டினான். கறுப்புக் கோட்டுக்குள் அவள் படம். கடை அடையாள அட்டைக்காக எடுத்தது, யாரையோ மடக்கப் போகிற முகம். அதற்கு மேலே கோடு கட்டிய வெள்ளை. அத்தை விரலால் அந்த வெள்ளையைத் தடவிப் பார்த்தார், துணியின் ரகம் பார்ப்பதுபோல.

"சுத்தமா இருக்கு" என்றார். எழுந்து, வந்தவர்களைக் கவனிக்கப் போனார்.

அவன் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினான். பொன்மொழியை உரக்கப் படித்தான். அறையில் இருந்த ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரம்வரை காத்திருந்தான். பிறகு பக்கத்தைத் திருப்பி, அவள் மடிக்கிற மாதிரியே, அறிவிப்புகள் பின்னால் போகும்படி மடித்தான். இந்த ஒரு நாள் மட்டும் அவள் படமும் பின்னால் போயிற்று. கட்டம் மேலே வந்தது.

சட்டைப் பையைத் தடவினான். பென்சில் இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு, மருந்துச் சீசாக்களுக்கு நடுவே கிடந்த அவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான்.

இடமிருந்து வலம், முதல் குறிப்பு: மழையில் துணை, வெயிலிலும் துணை.

குடை என்று எழுதினான். அழுத்தி.

"மாப்ளே, வண்டி வந்தாச்சு" என்றான் மச்சான் வாசலிலிருந்து.

"வர்றேன்."

ஒரு கட்டம் மிஞ்சியிருந்தது. யோசித்தால் வேறு வார்த்தை ஏதாவது வரத்தான் செய்யும். அவன் பேனாவைச் சாய்த்துப் பிடித்து, ஓரம் பிசகாமல், அந்தக் கட்டத்தை நிதானமாகக் கறுப்படித்தான்.