எந்த ‘பி’?

நோட்டீஸ் போர்டு முன்னாடி ஒரே தள்ளுமுள்ளு. டோரீன் குனிஞ்சு, ரெண்டு பேரு கக்கத்துக்கு நடுவுல தலைய விட்டு பாத்தா. பி.எஸ்.ஈ.ன்னு போட்ட பேப்பர்ல அவ பேரு இல்ல. மேலேர்ந்து கீழ வரைக்கும் விரல வெச்சு திரும்ப ஒரு தடவை தேடினா. இல்லவே இல்ல. ஆனா கடைசியா ஒரு பேரு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு பாருங்க, அது அவ ஃபிரெண்டு லாவண்யா.

லாவண்யா! சைக்காலஜின்னா என்னன்னே டோரீன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்ட லாவண்யா!

டோரீன் பேரு பக்கத்து பேப்பர்ல, பி.இ.எஸ்.ல இருந்துச்சு.

அந்த காலேஜ்ல பி.ஏ.ன்னா மூணு மேஜர் சேத்து ஒரு காம்பினேஷன். பேர முழுசா சொல்ல யாருக்கும் பொறுமை கெடையாது, எல்லாம் மூணெழுத்துதான். பி.எஸ்.ஈ.ன்னா சைக்காலஜி, சோஷியாலஜி, எகனாமிக்ஸ். பி.இ.எஸ்.ன்னா பொலிடிக்கல் சயின்ஸ், எகனாமிக்ஸ், சோஷியாலஜி. எழுத்து கொஞ்சம் எடம் மாறினா போதும், ‘பி’ வேற ‘பி’ ஆயிடும். மனசு பத்தி படிக்க வந்தவ பார்லிமென்ட் பத்தி படிச்சிட்டு போக வேண்டியதுதான்.

டோரீனுக்கு சைக்காலஜி பைத்தியம். பி.யூ.சி., அதான் பிளஸ் டூ, படிக்கறப்போ பெங்களூரு அவென்யூ ரோடு பிளாட்பாரத்துல அட்டை கிழிஞ்ச ஒரு புஸ்தகம் வாங்கினா. மூஞ்சியப் பாத்து மனச கண்டுபிடிக்கறது எப்படின்னு அதுல போட்டிருந்துச்சு. அன்னியிலேர்ந்து அவ குடியிருக்கற மர்பி டவுன்ல ஒருத்தரும் நிம்மதியா மூக்கு சொறிய முடியல. மூக்க தொட்டா பொய். கண்ண பாக்கலன்னா குத்த உணர்ச்சி. கைய கட்டிக்கிட்டா எதையோ மறைக்கறாங்க. கோயில்ல பிரசங்கம் பண்ற ஃபாதரையே விட்டு வெக்கல, “ரெண்டு தடவை காத தொட்டாரு”ன்னு அம்மாகிட்ட சொல்லி அடி வாங்கினா.

இப்ப அந்த மூளை நோட்டீஸ் போர்டு முன்னாடி வேலை செய்ய ஆரம்பிச்சுது.

அப்ளிகேஷன குடுத்தது யாரு? லாவண்யா. கடைசி நாள் டோரீன் பெரியம்மா வீட்டு கல்யாணத்துக்கு கே.ஜி.எஃப். போக வேண்டியிருந்துச்சு. அவசர அவசரமா கிறுக்கி, அடிச்சு, மேல எழுதி குடுத்தப்போ, “போன் நம்பர் காலியா இருக்கே?”ன்னு கேட்டது லாவண்யா. “எங்க வீட்டுல எங்கடி போனு?”ன்னதுக்கு, “விடு, நான் பாத்துக்கறேன்”ன்னு சொன்னதும் அவதான்.

நான் பாத்துக்கறேன்! நல்லா பாத்துக்கிட்டா!

டோரீன் விறுவிறுன்னு ஆபீசுக்கு போனா. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் கிளார்க் கோவிந்தப்பா டீய ஊதிக்கிட்டு இருந்தாரு. கன்னடக்காரரு. தமிழ் பிள்ளைங்க வந்தா தமிழ்லயே பேசணும்னு ஆசைப்படுவாரு, ஆனா பாதி வழியில கன்னடத்துக்கு போயிடுவாரு.

“சார், நான் பி.எஸ்.ஈ. போட்டேன். பி.இ.எஸ்.னு வந்திருக்கு.”

“நோடம்மா, உன் எழுத்து கோழி கெளறின மாதிரி. எஸ்ஸு மேல ஈ, ஈ மேல எஸ்ஸு. அதுக்கே போன் பண்ணி கேட்டோம். பி.இ.எஸ்.தான்னு கன்ஃபர்ம் பண்ணாங்க.”

“யாரு சார் பண்ணது?”

“நிம்ம கடெயவரு.”

டோரீனுக்கு புரிஞ்சுபோச்சு. கன்னடத்துல ‘கடெ’ன்னா பக்கம். உன் பக்கத்து ஆளு, உன்னைச் சேந்தவங்க. அவ பக்கத்து ஆளா அப்ளிகேஷன தூக்கிட்டு வந்தது ஒருத்திதான். நம்பர் எழுதினதும் அவதான். தன் வீட்டு நம்பரையே எழுதிட்டு, போன் வந்ததும் தானே எடுத்து, டோரீனுக்கு பி.இ.எஸ். வாங்கி குடுத்துட்டு, கடைசி சீட்டுல தான் உக்காந்துக்கிட்டா!

“எந்த நம்பர் சார் அது?”

“அதெல்லாம் கட்டு கட்டி பிரின்சிபால் ரூமுக்கு போயிடுச்சம்மா. யாராவது சீட்டு விட்டா பாக்கலாம். நாளைக்கு மத்யானம் வரைக்கும் டைம் இருக்கு. ஈக ஹோகு, இப்ப போ.”

வெளிய வந்தா, வேப்பமரத்தடியில லாவண்யா நிக்கறா. டோரீனப் பாத்ததும் கைய தூக்கினவ, பாதியில எறக்கிட்டா. டோரீன் அதையும் மனசுல குறிச்சுக்கிட்டா.

“பாத்தியாடி போர்டு?”ன்னு கேட்டா லாவண்யா.

“பாத்தேன்.”

“எப்பிடி மாறிச்சுன்னே தெரியல டோரி.”

சொல்லும்போதே மூக்க தேய்ச்சா. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. கண்ணு தரையில. புஸ்தகத்துல போட்ட படம் அப்பிடியே உயிரோட நிக்கற மாதிரி இருந்துச்சு டோரீனுக்கு.

“அப்பிடியா. தெரியலையா.”

“சத்தியமா. சரி, நீ வீட்டுக்கு போ. எனக்கு ஆபீஸ்ல கொஞ்சம் வேலை இருக்கு.”

“சீட்டு கெடச்சவளுக்கு ஆபீஸ்ல என்னடி வேலை?”

“இருக்கு. அப்புறம் சொல்றேன்.”

மறுபடியும் மூக்கு!

டோரீன் போற மாதிரி போயி, சைக்கிள் ஸ்டாண்டு தூணுக்கு பின்னாடி நின்னுக்கிட்டா. லாவண்யா ஜன்னல்கிட்ட போனா. கோவிந்தப்பாகிட்ட குனிஞ்சு என்னமோ குசுகுசுன்னு சொன்னா. அவரு தலைய ஆட்டினாரு. அவ திரும்பி யாராவது பாக்கறாங்களான்னு பாத்தா. அவரு சிரிச்சாரு. சிரிச்சாரே! ரெண்டு பேரும் கூட்டு.

அதுக்கு மேல டோரீனால தூணுக்கு பின்னாடி நிக்க முடியல.

“ஏய் லாவண்யா! வேலை முடிஞ்சிதா?”

காலேஜ் கேட்டு பக்கத்துல சமோசா தின்னுக்கிட்டு இருந்த கும்பல் மொத்தமும் திரும்பிச்சு.

“டோரி, நீ இன்னும் போகலையா?”

“போயிருந்தா வசதியா இருந்திருக்கும்ல? என் சீட்ட தூக்கிக்கிட்டியே, உனக்கு வெக்கமா இல்ல? போன எடுத்து நான்தான் டோரீன்னு சொன்னியா, இல்ல அவ அக்கான்னு சொன்னியா?”

“என்ன ஒளர்ற?”

“ஒளர்றேனா? உன் மூஞ்சியிலேயே எழுதியிருக்குடி! மூக்க தேய்க்கற, கண்ண பாக்க மாட்டேங்கற, என்னை வீட்டுக்கு தொரத்தற. எல்லாம் எனக்கு தெரியும்.”

சமோசா கும்பல்ல ஒருத்தன், “ஏய், செம ஃபைட்டு மச்சா”ன்னான்.

லாவண்யா மூஞ்சி செவந்துச்சு. இந்த தடவை டோரீன் கண்ண நேரா பாத்தா. அப்புறம் பைய தோள்ல மாட்டிக்கிட்டு கேட்டத் தாண்டி போயிட்டா.

“பாத்தீங்களா, ஓடிட்டா”ன்னு டோரீன் கும்பலப் பாத்து சொன்னா. ஜெயிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

பஸ் ஏறி நேரா கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கு போனா. அவங்கப்பா ஜெயராஜ் அங்க ஒரு சூட் கடையில கட்டிங் மாஸ்டர். அப்பாவ கூட்டிட்டு போயி பிரின்சிபால்கிட்ட கம்ப்ளெயின்ட் குடுக்கணும், லாவண்யா சீட்ட பிடுங்கணும். அதுதான் பிளான்.

கடைக்குள்ள நுழைஞ்சா, மெஷின்ல உக்காந்திருந்த ஆளுங்கெல்லாம் எழுந்து நின்னு கை தட்டறாங்க. ஒருத்தரு வாயில மைசூர் பாக்கு.

“வாம்மா! அரே, இனிமே இன்ஜினியர் அம்மான்னு கூப்பிடணும்!”

டோரீன் முழிச்சா. “என்னப்பா இது?”

ஜெயராஜ் கழுத்துல தொங்கற டேப்போட ஓடி வந்தாரு. கையில ஸ்வீட் டப்பா. “பாப்பா, லிஸ்ட்டு போட்டாச்சா? பேரு இருந்துச்சுல்ல? எனக்கு போன வாரமே தெரியும். உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல.”

“போன வாரமா? எப்பிடி?”

“காலேஜ்லேர்ந்து போன் வந்துச்சே! இங்க, கடைக்கு! லாவண்யா பாப்பா நம்ம கடை நம்பர் குடுத்திருக்கு. அவங்கப்பாவுக்கு கோட்டு தைச்சோம்ல, பில்லுல இருந்து எடுத்து எழுதியிருக்கும். கெட்டிக்காரப் பொண்ணு.”

“போன்ல என்னப்பா கேட்டாங்க?”

“ஒரு கன்னட ஆளு. உங்க பொண்ணுக்கு பி.எஸ்.ஈ.யா, பி.இ.எஸ்ஸான்னு கேட்டாரு. நான் விடுவேனா? பி.எஸ்.ஈ.ன்னா எவனுக்கு தெரியும்? பி.இ.எஸ்.னா பெங்களூருக்கே தெரியும், எவ்ளோ பெரிய இன்ஜினியரிங் காலேஜ்! பி.இ.எஸ்.தான் சார், பி.இ.எஸ்.தான்னு ரெண்டு தடவை அடிச்சு சொன்னேன். முதலாளியே அசந்துட்டாரு.”

நிம்ம கடெயவரு. அந்த ‘கடெ’ய கோவிந்தப்பா கன்னடத்துல சொல்லல. பாவம், அவ தமிழ்ப் பொண்ணாச்சேன்னு தமிழ்ல சொல்லியிருக்காரு. கடை. உங்க கடைக்காரரு.

“என்ன பாப்பா, வாயத் தொற”ன்னு ஜெயராஜ் மைசூர் பாக்க நீட்டினாரு. அவரு மூஞ்சியில இருந்தத படிக்க எந்த புஸ்தகமும் வேண்டியிருக்கல. டோரீன் வாயத் தொறந்தா. நெய்யா இருந்துச்சு.

மறுநாள் காலேஜ் தொறக்கறதுக்கு முன்னாடியே போயி நின்னா. கோவிந்தப்பா வந்து ஜன்னல் தொறந்ததும் அவளப் பாத்து உச்சு கொட்டினாரு.

“ஐயோ, நீயா? நேத்து சாயங்காலம் வரைக்கும் உனக்கு சீட்டு இருந்துச்சேம்மா.”

“எனக்கா?”

“அந்த ஹுடுகி, அந்தப் பொண்ணு, லிஸ்ட்டுல கடைசி பேரு. நேத்து வந்து, ‘சார், நான் பி.இ.எஸ். போறேன், என் சீட்ட டோரீனுக்கு குடுங்க. அவளுக்கு இப்ப சொல்லாதீங்க, நானே நாளைக்கு காலையில கூட்டிட்டு வர்றேன்’னா. எனக்கு சிரிப்பா வந்துச்சு. இந்த காலத்துல யாரு சீட்டு விடறாங்க? சரிம்மான்னேன். நீ வந்து ஒரு கையெழுத்து போட்டிருந்தா முடிஞ்சுது.”

“இப்ப போடறேன் சார்.”

“எல்லி, எங்க போடறது? சாயங்காலமே திரும்பி வந்துட்டா. ‘வேண்டாம் சார், நான் பி.எஸ்.ஈ.யே படிக்கறேன்’னு சொல்லிட்டு போயிட்டா. உங்களுக்குள்ள என்ன ஜகளவோ, என்ன சண்டையோ, எனக்கு கொத்தில்லா, தெரியாது.”

லைப்ரரி படிக்கட்டுல லாவண்யா உக்காந்திருந்தா. மடியில கர்ச்சீப். டோரீன் கிட்ட போயி நின்னா.

“அப்பாதான்டி போன எடுத்தது. கடை நம்பர்னு எனக்கு தோணவே இல்ல.”

“ம்.”

“சாரி லாவண்யா.”

“ம்.”

லாவண்யா அடுக்கடுக்கா நாலு தும்மல் போட்டா. கர்ச்சீப்பால மூக்க தேய்ச்சா, தேய்ச்சா, அப்பிடி தேய்ச்சா. ஜூன் மாசத்து பெங்களூரு தூறல். வருஷா வருஷம் அவளுக்கு இதே சைனஸ். பி.யூ.சி. ரெண்டு வருஷமும் ஒரே பெஞ்சுல உக்காந்து, தன் கர்ச்சீப்பையும் சேத்து குடுத்தவ டோரீன்தான்.

“சீட்டு...”ன்னு டோரீன் ஆரம்பிச்சா. “இன்னிக்கி மத்யானம் வரைக்கும் டைம் இருக்காம்.”

லாவண்யா தலைய தூக்கினா. “என் மூஞ்சியப் பாரு. நல்லா பாத்து சொல்லு. குடுப்பேனா, மாட்டேனா?”

டோரீன் பாத்தா. மூக்கு செவந்திருந்துச்சு, கண்ணு ஈரமா இருந்துச்சு. அது சளியா, அழுகையா, கோவமா, ஒண்ணும் புடிபடல.

“தெரியல”ன்னா.

“தெரியலல்ல?” லாவண்யா எழுந்து பாவாடைய தட்டிவிட்டா. “அப்ப நான் மூணு வருஷம் படிச்சிட்டு வந்து சொல்றேன்.”

பெல் அடிச்சுது. சைக்காலஜி பிளாக்கு இடதுபக்கம், பொலிடிக்கல் சயின்ஸ் வலதுபக்கம். லாவண்யா தும்மிக்கிட்டே இடதுபக்கம் போனா.